மிளகு மூட்டையைத் துரத்திய பிள்ளைகள்: பழங்கால வரலாறும் இணையத் தேடலும் – கேள்வி பதில்

நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பழங்கால வரலாற்றை இணையத்தில் ஆராயும் பணியாகப் பிள்ளைகளிடம் கொடுப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்கள்.

பி.எட். மாணவி: வெப்குவெஸ்ட் என்கிறார்களே, 'கூகுளில் பார்த்து எழுதி வா' என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் டீச்சர்?

1995இல் அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் என்ற பேராசிரியர், டாம் மார்ச்சுடன் சேர்ந்து உருவாக்கிய முறை அது. அறிமுகம், பணி, செய்முறை, மதிப்பீடு, முடிவு என்று பகுதிகள் இருக்கும். பார்க்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டிப் பொறுக்கிக் கொடுத்துவிடுவார். தேடி அலைகிற வேலை நம்முடையது, கிடைத்ததை வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிற வேலை பிள்ளைகளுடையது.

இது புரியாமல் முதல் வருடம் நான் 'எகிப்து நாகரிகம் பற்றி இணையத்தில் பார்த்து எழுதி வாருங்கள்' என்றேன். 31 நோட்டு வந்தது. எல்லாவற்றிலும் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழை. பிள்ளைகளைத் திட்டினேன். அப்புறம் யோசித்தால் தப்பு என்னுடையதுதான். பார்த்து எழுதச் சொன்னேன், பார்த்து எழுதினார்கள்!

ஆறாம் வகுப்பு ஆசிரியர்: நீங்கள் நடத்திய ஒன்றை அடி முதல் நுனி வரை சொல்லுங்களேன்.

நான் திரும்பத் திரும்ப நடத்துவது ஒரு மிளகு மூட்டையின் கதை. பணி இதுதான்: 'ஏறக்குறைய 1,900 வருடங்களுக்கு முன்னால் மேற்குக் கடற்கரையின் பழைய துறைமுகமான முசிறியில் கப்பல் ஏறிய மிளகு மூட்டை எகிப்தின் அலெக்சாந்திரியா போய்ச் சேரும்வரை அதன் பயணப் பதிவேட்டை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று குறியுங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் ஊகம் என்று எழுதுங்கள்.'

ஆதாரங்களை நான்தான் கொடுப்பேன். பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பும் யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கப்பலைச் சொல்லும் அகநானூறு 149ஆம் பாட்டு. முசிறிக் கடற்கரையைக் காட்டும் புறநானூறு 343. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு. ரோமானிய எழுத்தாளர் பிளினியின் குறிப்பு. வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணலில் செய்த தாள்) ஆவணம்: ஒரு பக்கம் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. கடைசியாக, செங்கடல் கரையில் பெரனிகே துறைமுக அகழாய்வு. அங்கே கோயில் வளாகத்தில் தரைக்குள் பதித்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் வகுப்பே கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் இருந்தது. மிளகு நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பது போலத்தானே இருக்கிறது!

நான்கு நான்கு பேராகக் குழு. முதல் நாள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஓர் ஆதாரம். மறுநாள் குழுக்களைக் கலைத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆதாரம் படித்தவர்கள் இருக்கும்படி மறுபடி சேர்ப்பேன். கலகம் அப்போதுதான் தொடங்கும். அகநானூறு படித்த பிள்ளை 'வளங்கெழு முசிறி' என்று பெருமையாகச் சொல்லும். பிளினி படித்த பிள்ளை, 'இல்லை, பக்கத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், சரக்கும் அதிகம் இல்லை, அங்கே போகாதே என்கிறார்' என்று மறுக்கும். பெரிப்ளூஸ் படித்தவன் குறுக்கே புகுந்து 'கப்பல்கள் நிறைய வந்துபோகும் ஊர்' என்பான். யாரை நம்புவது? புலவருக்கு ஊரைப் புகழ ஒரு காரணம் இருக்கும். ரோமாபுரிப் பணம் வருடா வருடம் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பியவர் பிளினி, அவருக்கும் ஒரு மனக்கணக்கு இருக்கும். இதை நான் சொல்லவே மாட்டேன், 'இவர் ஏன் இப்படி எழுதியிருப்பார்?' என்று மட்டும் கேட்பேன்.

இவ்வளவு சண்டையிலும் ஓர் இடத்தில் எதிரிகள் ஒத்துப்போகிறார்கள். கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்கும், படகில்தான் சரக்கு போய்வரும் என்கிறார் பிளினி. கப்பல் தந்த பொன்னைக் கழித்தோணியில், அதாவது உப்பங்கழியில் ஓடும் சிறு படகில், கரைசேர்ப்பதைச் சொல்கிறது புறநானூறு. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே காட்சியைச் சொல்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கும் குழு துள்ளிக் குதிக்கும். அதற்காகவே புறநானூற்றையும் பிளினியையும் முதல் நாள் ஒரே குழுவிடம் கொடுப்பதில்லை.

பதிவேட்டில் பருவக்காற்றுதான் பலர் சறுக்கும் இடம். ஒரு குழு முசிறியிலிருந்து ஜூனில் கப்பலைக் கிளப்பிவிட்டது. தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும்போது செங்கடலுக்கு எப்படிப் போவாய்? எகிப்திலிருந்து ஜூலையில் கிளம்பி வந்து, டிசம்பர் வாக்கில் வடகிழக்குக் காற்றோடு திரும்ப வேண்டும். பெரனிகேயில் இறக்கி, 12 நாள் ஒட்டகப் பயணத்தில் கோப்டோஸ், அங்கிருந்து நைல் நதியில் படகு. நாலில் ஒரு பங்கு சுங்க வரியையும் மறக்கக் கூடாது. வரியை மறந்த குழுவின் மூட்டையை 'சுங்க அதிகாரி' வேடத்தில் இருந்த மாணவி பறிமுதல் செய்துவிட்டாள்.

எனக்கு 5 பாடவேளை ஆகும்.

தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை: ஆதாரமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

சங்கப் பாடல்கள் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிப்ளூஸின் முசிறிப் பகுதி சில வரிகள்தான், நானே எளிய தமிழில் எழுதி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டேன். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொடுக்காதீர்கள். எனக்கு ஒருமுறை 'அம்போரா' என்ற மதுச்சாடி விளங்காத என்னவோவாகி வந்தது. படம், வரைபடம், அகழாய்வுப் புகைப்படம் இவற்றுக்கு மொழி பெரிய தடை இல்லை.

ஒரு தந்தை: வாட்ஸ்அப்பில் வரும் 'எகிப்தை ஆண்ட தமிழன்' மாதிரிச் செய்திகளை மகன் நம்புகிறான். இந்தப் பணி அதை இன்னும் கிளறிவிடாதா?

நேர்மாறாகத்தான் நடக்கிறது. செங்கடல் கரையில் குசேர் அல்-கதிம் என்ற இடத்தில் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. 'கணன்', 'சாதன்' என்று பெயர்கள். இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி'. அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை உறியில் தொங்கும் பானை என்று விளக்கினார். பாட்டி வீட்டு உறி செங்கடல் வரை போயிருக்கிறது என்றால் பிள்ளைகளுக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்காது. சரி, பெருமைப்படட்டும். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: 'சாதன் அங்கே போனானா, அவன் பானை மட்டும் போனதா? போனவன் வணிகனா, மாலுமியா, சுமை தூக்கியவனா?' பானை ஓட்டில் ஒரு பெயர் என்பது இவ்வளவுதான் சொல்லும். ஆட்சி செய்தான் என்று சொல்லாது. ஓட்டை வைத்து எதுவரை பேசலாம் என்று ஒருமுறை பழகிய பிள்ளை, அடுத்த வாட்ஸ்அப் செய்திக்கு உங்களிடமே ஆதாரம் கேட்கும். தயாராக இருங்கள்.

ஓர் அம்மா: வீட்டில் ஒரே போன்தான். மகளுக்கு 10 வயது. பிரமிடை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்கிறாள்.

ஒரு மாலைப் பொழுது போதும். வாதாடாமல் இரண்டு விஷயங்களைத் தேடிக் காட்டுங்கள். ஒன்று, 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே குழு கண்டெடுத்த பாப்பிரஸ் சுருள்கள். மெரர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு தூரா சுரங்கத்திலிருந்து கீசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். கூஃபு மன்னரின் காலம், பெரிய பிரமிடு எழுந்துகொண்டிருந்த சமயம். இரண்டு, கீசாவில் தோண்டி எடுத்த தொழிலாளர் குடியிருப்பும் ரொட்டி சுட்ட அடுப்பங்கரைகளும். பிறகு மகளையே மெரராக்கி ஒரு நாள் டைரி எழுதச் சொல்லுங்கள். வேற்றுக்கிரகவாசிக்கு எதற்கம்மா ரொட்டி என்று அவளே கேட்பாள்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்: இப்போது சாட்ஜிபிடி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இந்தப் பணிக்கு இனி என்ன அர்த்தம்?

பணி பலவீனமாக இருந்தால் அர்த்தம் இல்லைதான். என் வகுப்பில் ஒரு பையன் அப்படி ஒரு பதிவேடு வாங்கிக்கொண்டு வந்தான். அழகான தமிழ். மிளகு மூட்டை சூயஸ் கால்வாய் வழியாகப் போய்விட்டது! 1869இல் திறந்த கால்வாய். நான் அவனைத் திட்டவில்லை. அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, வகுப்பையே திருத்தச் சொன்னேன். வரிக்கு வரி 'எப்படித் தெரியும்?' என்று கேட்டு ஏழு இடத்தில் சிவப்பு மை போட்டார்கள். இப்போது அதையே பணியின் ஒரு பகுதியாக்கிவிட்டேன்.

கிராமப் பள்ளி ஆசிரியர்: லேபில் பாதி கணினி ஓடாது, நெட் வராது.

அச்செடுத்துக் கொடுங்கள். பக்கங்களை முந்தின வாரமே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். நெட் இருக்கும் பள்ளிக்கும் இதையே சொல்வேன். நேற்று இருந்த இணைப்பு இன்று செத்துப்போகும். பத்துப் பதினைந்து வருடம் பழைய வெப்குவெஸ்ட் ஒன்றைத் திறந்து பாருங்கள், பாதி சுட்டிகள் வேலை செய்யாது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சில கிடைக்கும்.

தலைமை ஆசிரியர் ஒருவர்: மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்?

20க்கு. பதிவேட்டுக்கு 8, 'எப்படித் தெரியும்' பத்திக்கு 10, கையெழுத்து, படம், அலங்காரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் ஜிகினா ஒட்டுவதிலேயே ஒரு பாடவேளை போய்விடும். ஊகத்தை ஊகம் என்று நேர்மையாக எழுதியதற்கும் முழு மதிப்பெண் உண்டு.

ஏழாம் வகுப்பு மாணவி, அம்மாவின் போனிலிருந்து: முசிறி இப்போது எங்கே இருக்கிறது மிஸ்? போய்ப் பார்க்கலாமா?

கேரளத்தில் வடக்குப் பரவூர் பக்கம் பட்டணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2007 முதல் அங்கே அகழாய்வு நடந்தது. ரோமானியச் சாடித் துண்டுகள், மணிகள், ஒரு மரத்தோணி எல்லாம் கிடைத்தன. அதுதான் முசிறி என்று தோண்டியவர்கள் சொல்கிறார்கள், எல்லா வரலாற்றாசிரியர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியாற்றின் போக்கும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. நீ ஒரு வேலை செய். வரைபடத்தில் பட்டணத்தையும், முசிறி என்று முன்பு பலர் கருதிய கொடுங்கல்லூரையும் குறித்துக்கொள். முசிறி என்று சொல்ல ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் இருக்கிறது என்று இரண்டு பத்தியாக எழுதி அனுப்பு. எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.