இரண்டு லேப், இரண்டு ரிசல்ட்: எதை நம்புவது?

கேள்வி: பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) சந்தேகத்தில் டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுத்தேன். ஒரு லேபில் அதிகம் என்று வந்தது. இன்னொரு லேபில் ‘எல்சி-எம்எஸ்’ முறை என்று போட்டு, காசும் கூடுதலாக வாங்கிக்கொண்டு, நார்மல் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டாவதைத்தான் நான் நம்புவேன். முதல் லேபில் பார்த்தது அநேகமாக இம்யூனோஅஸ்ஸே, அதாவது ஹார்மோனைப் பிடிக்கிற ஆன்டிபாடியை வைத்து அளப்பது. யாலோ, பெர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1950களில் இன்சுலினை அளக்கக் கண்டுபிடித்த வழியின் வாரிசு அது. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்சுலின், டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மாதிரிப் பெரிய மூலக்கூறுகளுக்கு நன்றாகவே வேலை செய்யும். டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஸ்டீராய்டு ஹார்மோன்கள் என்றால்தான் தொல்லை. எல்லாமே கொலஸ்டிராலிலிருந்து வருகிறவை, அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகஜாடை, அதனால் ஆன்டிபாடி சில சமயம் ஆள் மாறிப் பிடித்துவிடும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்கு மேல் இருப்பதால் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. பெண்களுக்கு இருப்பதே சுமார் 15 முதல் 70 வரைதான், அங்கே சின்னப் பிழைகூட ரிசல்ட்டையே புரட்டிவிடும்.

எல்சி-எம்எஸ் என்பது ஹார்மோன்களைக் குழாயில் பிரித்து எடை பார்க்கிற முறை. இதில், டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) சேர்த்து எடை கூட்டிய டெஸ்டோஸ்டிரோனைத் தெரிந்த அளவில் உங்கள் சீரத்தில் (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) கலந்து, புரதங்களை நீக்கி, துகள் நிரப்பிய மெல்லிய குழாய் வழியாக அதிக அழுத்தத்தில் திரவத்தோடு தள்ளுவார்கள். ஒவ்வொரு ஹார்மோனும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை எடை பார்த்து, உடைத்து, துண்டையும் எடை பார்க்கும். டிஹெச்இஏ என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஹார்மோனுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் மூலக்கூறு எடை ஒன்றுதான், 288, அதனால் குழாயில் பிரிப்பது ரொம்ப முக்கியம். வழியில் கொஞ்சம் வீணானாலும், நாம் கலந்த டெஸ்டோஸ்டிரோனும் அதே விகிதத்தில் வீணாவதால் கணக்கு தப்பாது.

இன்னொன்று, முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டோஸ் அதிகமென்றால் சில இம்யூனோஅஸ்ஸேக்களில் டெஸ்டோஸ்டிரோன் பொய்யாகக் கூடிக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே பயோட்டின் பற்றி எச்சரித்தது. எல்சி-எம்எஸ்ஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தால் அளவே இறங்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அதற்காக நார்மல் வந்ததால் பிசிஓஎஸ் இல்லை என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, ஸ்கேன் எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் சொல்வார். அடுத்த தடவையும் அதே லேபில், அதே முறையில் எடுங்கள்.