தேனீ, குளவிக் கொட்டும் ஒவ்வாமையும்: கேள்வி பதில்

கேள்வி: தேனீ கொட்டியதில் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. இது ஆபத்தான ஒவ்வாமையா?

பதில்: கொட்டிய இடத்தை ஒட்டியே வீக்கம் பரவி, 10 செ.மீ.க்கு மேல் விரிந்து, சில நாள்கள் நீடித்தாலும் அது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானதன்று. கொட்டாத இடங்களில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, தொடர் வாந்தி, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றினால்தான் உடல் முழுவதும் எதிர்வினை தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால், ஒவ்வாமை இல்லாதவரும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: முன்பு ஒருமுறை குளவி கொட்டி மூச்சு வாங்கியதால் மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருக்கிறார். முதலில் அலர்ஜி மாத்திரை போட்டுப் பார்த்து, குறையாவிட்டால் ஊசி போடலாமா?

பதில்: கூடாது. மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கவோ சரியும் இரத்த அழுத்தத்தை நிமிர்த்தவோ அதனால் இயலாது, வேலை செய்யத் தொடங்கவும் நேரம் பிடிக்கும். அந்த இரண்டையும் செய்வது அட்ரினலின் மட்டுமே. ஊசிக்குப் பிறகு வரும் படபடப்புக்கும் கைநடுக்கத்துக்கும் அஞ்சித் தாமதிப்பவர்கள் உண்டு. அந்தப் படபடப்பு சற்று நேரத்தில் அடங்கிவிடும், தாமதமோ உயிரையே பறிக்கக்கூடும்.

தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறமாக, ஆடையின் மேலேயே குத்தலாம். கால்சட்டைப் பையில் சாவியோ நாணயமோ இருக்கும் இடத்தையும் தடித்த தையலையும் தவிர்க்கவும். பேனா போன்ற தானியங்கி ஊசியாக இருந்தால் முனையின் மேல் கட்டைவிரலை வைக்காமல் உள்ளங்கையில் இறுகப் பிடிக்கவும். பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தம் விரலிலேயே குத்திக்கொள்பவர்கள் உண்டு. பிறகு ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, கால்களை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும்; மூச்சு விடச் சிரமமாக இருந்தால் உட்காரலாம். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் எழுந்து நடக்கக் கூடாது, ஏனெனில் இரத்த அழுத்தம் சரிந்த நிலையில் திடீரென எழுவதே இதயத்தை நிறுத்திவிடக்கூடும். 5 முதல் 15 நிமிடங்களில் குறையவில்லை என்றால் இரண்டாவது ஊசி போடலாம். அதனால்தான் எப்போதும் இரண்டு ஊசிகளை வைத்திருக்கச் சொல்கிறோம்.

கேள்வி: கொடுக்கை நகத்தால் பிடுங்கினால் நஞ்சு உள்ளே பீச்சும் என்கிறார்களே?

பதில்: எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். தேனீயின் கொடுக்கோடு நஞ்சுப் பையும் தோலில் தங்கிவிடுவதால், அது தானாகவே நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். சுரண்டி எடுக்க அட்டை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை.

கேள்வி: ஊசி போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டிலேயே இருக்கலாமா?

பதில்: மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும். சிலருக்கு அறிகுறிகள் அடங்கிச் சில மணி நேரம் கழித்து, மீண்டும் கொட்டாமலேயே திரும்ப வரும்.

கேள்வி: ஊசியைக் காரிலேயே வைத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். வெயிலில் மருந்து கெடும். குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. திரவம் நிறம் மாறினாலோ காலாவதியானாலோ புதியது வாங்கவும்.

கேள்வி: இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா?

பதில்: பூச்சியின் நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை உண்டு. பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் தொடர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு நல்ல பாதுகாப்புக் கிடைக்கிறது. கடும் எதிர்வினை ஏற்பட்டவர்கள் ஒவ்வாமை மருத்துவரைக் கட்டாயம் பார்க்கவும். கொட்டிய சில நாள்களிலேயே செய்யும் தோல் பரிசோதனை ஒவ்வாமை இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும் என்பதால், 4 முதல் 6 வாரங்கள் கழித்து அதைச் செய்வது வழக்கம். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடவும், ஏனெனில் அது அட்ரினலினின் வேலையை மந்தப்படுத்தக்கூடியது. ஆனால் தாமாகவே அந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்.