ஒரே மடி, இரண்டு அளவு: மீன்வள ஆய்வாளர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

கேள்வி: மீன்வளத் துறையில் உதவி இயக்குநராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த சார் ஆய்வாளர்கள் இருவர் ஒரே இழுவலையின் மடியில் (மீன் வந்து சேரும் கடைசிப் பையில்) கண்ணியை, அதாவது வலைத்துளையை, அளந்தபோது, ஒருவருக்கு 38 மி.மீ., மற்றவருக்கு 41 மி.மீ. என்று வந்தது. படகு உரிமையாளர் அளவை ஏற்க மறுக்கிறார். இவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: உரிமையாளரின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இழுவலை மடியின் கண்ணி 40 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி என்பதால், இந்த 3 மி.மீ. வேறுபாட்டில் ஒருவருடைய வலையே பறிமுதலாகலாம். வேறுபாடு பெரும்பாலும் அளப்பவரின் கை அழுத்தத்தால் வருகிறது. ஆப்பு வடிவ அளவுத் தகட்டைக் கண்ணிக்குள் ஒருவர் மெல்லச் செருகுவார், இன்னொருவர் பலம்கொண்ட மட்டும் அழுத்துவார். ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு இதற்காகவே தகட்டில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டார்கள். 2008-இல் வந்த விதிமுறையோ மாறாத விசையை மோட்டார் மூலம் தரும் கருவிக்கு மாறியது.

அங்கு பின்பற்றப்படும் முறையில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. வலை நனைந்திருக்க வேண்டும். மடியின் நீளவாக்கில் அடுத்தடுத்து 20 கண்ணிகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். கயிற்றுக்கும் தையலுக்கும் அரை மீட்டருக்குள் இருப்பவற்றையும், அறுந்து முடிச்சிட்டவற்றையும் தொடக் கூடாது.

பயிற்சிக்கு ஏற்ற காலம், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே. படகுகள் கரையில் நிற்கும், வலைகள் பழுதுபார்க்கப்படும். பழைய மடிகள் சிலவற்றை வாங்கித் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே அளந்து, அடுத்தவருக்குக் காட்டாமல் எழுதித் தரச் செய்யுங்கள். எல்லோருடைய சராசரியும் 1 மி.மீட்டருக்குள் வரும்வரை யாரையும் துறைமுகத்துக்கு அனுப்பாதீர்கள். படகு ஓட்டுநர்கள் சிலரையும் அழைத்து, அவர்கள் கையாலேயே அளக்கச் சொல்லுங்கள். முறையை முன்பே கண்டவர் பிறகு அளவை மறுப்பது அரிது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மீன்குஞ்சுகள் குவிந்திருப்பதை மட்டும் வைத்து, கண்ணி சிறியது என்று முடிவு கட்டக் கூடாது. வலையை இழுக்கும்போது சாய்சதுரக் கண்ணி நீண்டு ஒடுங்கிவிடுவதால், 40 மி.மீ. மடியிலும் குஞ்சுகள் தப்பாமல் சிக்கும். சதுரக் கண்ணி மடியை அறிவியலாளர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். மாறாக, மடி சரியான அளவில் இருந்தும் உள்ளே வேறொரு சிறுகண்ணி வலை செருகப்பட்டிருக்கலாம். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இருபது அளவுகளையும் ஓட்டுநர் முன்னிலையிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கட்டும். அவர் மறுத்தால் அதையும் பதிந்து, அங்கேயே வேறோர் ஆய்வாளரைக் கொண்டு புதிதாக இருபது கண்ணிகளை அளக்கச் செய்யுங்கள்.