ஆவணப்பட நிறுவனம் ‘படப்பிடிப்பு முடிந்தது’ என்று அறிவித்து இரண்டு ஆண்டுகளாகியும் படம் வரவில்லையே, ஏமாற்றுகிறார்களா?

நீங்கள் அந்தப் படத்துக்குக் கூட்டுநிதி கொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு துல்லியமாக மாதக்கணக்கு வைத்திருக்க மாட்டீர்கள். மூன்றே பேர் நடத்திய ஒரு சிறு ஆவணப்பட நிறுவனத்தில் நான் படத்தொகுப்பாளராக இருந்தேன். நன்கொடையாளர்களுக்குச் செய்திமடல் எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ஆகவே ‘இறுதிக்கட்டத்தை நெருங்கிவிட்டோம்’ என்பது போன்ற வாக்கியங்களை நானும் எழுதியிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆவணப்படத்தில் படப்பிடிப்பு முடிவது பாதிவழிகூட இல்லை. சிகாகோவில் 1966 முதல் இயங்கிவரும் கார்டெம்குவின் நிறுவனம் தயாரித்து 1994இல் வெளியான ‘ஹூப் ட்ரீம்ஸ்’ ஆவணப்படத்துக்கு ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 250 மணி நேரம் படம்பிடித்தார்கள். திரைக்கு வந்தது மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. எங்களிடம் இருந்தது 140 மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் வீதம் அதை ஒருமுறை பார்த்துக் குறிப்பெடுக்கவே எனக்கு ஐந்து வாரமானது. அந்த ஐந்து வாரத்தைச் செய்தியாக எழுதினால் யார் படிப்பார்கள்?

என்னை உண்மையில் தடுத்து நிறுத்தியது வேறொன்று. பழைய தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரைப் பற்றிய படம் அது. இயந்திரத்தின் அடித்தட்டைக் கழற்றியபடியே, வீட்டைவிட்டுப் போய்விட்ட தன் அண்ணனைப் பற்றி அவர் முதன்முறையாகப் பேசுகிறார். பின்னால் வானொலியில் ஒரு திரைப்பாடல் ஓடுகிறது. சட்டையில் குத்தியிருந்த மைக்கில் அவர் குரலும் பாடலும் ஒன்றாகவே பதிந்துவிட்டன. அவர் பேச்சில் ஒரு திணறலை வெட்டினால் கீழே பாடல் ஒரு தாளம் தாவிவிடும். வெட்டிய இடம் காதில் குத்தும். வெட்டாமல் விட்டால் 47 நொடிப் பாடலுக்கு இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். பாட்டின் உரிமை ஓரிடத்தில், அதன் ஒலிப்பதிவின் உரிமை இன்னோரிடத்தில். முதலாமவர் ஒரு மாதத்தில் பதில் எழுதிவிட்டார். ஒலிப்பதிவை வைத்திருந்த நிறுவனமோ இரண்டு முறை கைமாறியிருந்தது. பதினோரு மாதம் கழித்து அங்கிருந்து வந்த கடிதத்தில், அந்த உரிமை இப்போது தங்களிடம் இல்லை என்று ஒரே வரி இருந்தது.

‘தற்செயலாகப் பதிவான பாட்டுக்கு எதற்கு அனுமதி, சில சூழல்களில் அனுமதி இல்லாமலே பயன்படுத்தலாம் என்கிற நியாயமான பயன்பாடு என்று ஒன்று இருக்கிறதே’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். தெரியும். அமெரிக்க ஆவணப்படக்காரர்கள் 2005இல் வெளியிட்ட நெறிமுறைகளில், வேறொன்றைப் படம்பிடிக்கும்போது தற்செயலாகச் சிக்கும் பாடலும் படமும் தனியாகவே பேசப்படுகின்றன. ஆனால் அது அந்நாட்டுச் சட்டத்தை ஒட்டியது. எங்கள் படத்தை வாங்க முன்வந்த ஒளிபரப்பாளர் எல்லாவற்றுக்கும் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார். அவரிடம் போய் நெறிமுறையை வாசித்துக் காட்ட முடியாது. உரிமைச் சிக்கல் சிறியவர்களை மட்டும் பிடிப்பதும் இல்லை. ஹென்றி ஹாம்ப்டனின் பிளாக்சைட் நிறுவனம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தைப் பற்றி எடுத்து, 1987இல் ஒளிபரப்பான ‘ஐஸ் ஆன் த பிரைஸ்’ தொடர், அதில் பயன்படுத்திய பழைய காட்சிகளுக்கும் பாடல்களுக்கும் வாங்கிய உரிமைகள் காலாவதியானதால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2006இல்தான் மீண்டும் ஒளிபரப்பானது.

ஓராண்டுக்குப் பிறகு அந்தத் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவரிடமே போய், வானொலியை அணைத்துவிட்டு, அதே விஷயத்தை மறுபடி சொல்லச் சொன்னோம். சொன்னார், கோர்வையாக, ஒரு திணறலும் இல்லாமல். அதில் உயிர் இல்லை. கடைசியில் பேச்சையே எடுத்துவிட்டு அவர் கைகளை மட்டும் வைத்துக்கொண்டு, இயந்திரத்தின் ஓசையைத் தனியாகப் பதிந்து சேர்த்தேன். அந்த மாதச் செய்திமடலில் நான் எழுதியது: ‘சிறு மாற்றங்களுடன் படத்தொகுப்பு நிறைவடைந்தது.’ எழுதியபோது வயிறு எரிந்தது. இயக்குநரின் பெயரும் படமும் போட்ட அந்த மடலில் படத்தொகுப்பு யாருடையது என்று ஒருமுறைகூட வந்ததில்லை என்பதையும் இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன். நானே எழுதிய மடலில் நானே என் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, மற்ற இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

படம் முடிந்த பிறகும் உங்கள் கைக்கு உடனே வராது. பெரிய திரைவிழாக்கள் பலவும் தங்கள் திரையே முதல் திரையாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இணையத்தில் பொதுவில் போட்டுவிட்டால் அந்தத் தகுதி போய்விடும் என்ற பயத்தில், காசு கொடுத்தவர்களுக்குக்கூடச் சுட்டி அனுப்பத் தயங்குகிறார்கள். விழாக்களின் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். மறுத்துவிட்டால் அடுத்த விழாவுக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் காத்திருப்பு. நிராகரிப்பைச் செய்தியாக எழுத எந்த நிறுவனத்துக்கும் மனம் வருவதில்லை, எங்களுக்கும் வரவில்லை.

இதனால் எல்லாரும் யோக்கியர்கள் என்று வக்காலத்து வாங்க வரவில்லை. நிதியைச் சுருட்டிக்கொண்டு அமைதியாகிவிட்டவர்களும் உண்டு. ஆகவே எந்த நிறுவனத்திடமும் எப்போது வெளியீடு என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் ‘விரைவில்’தான் பதில். பிக்சர் லாக் (இனி காட்சிகளின் வெட்டு மாறாது என்ற நிலை) ஆகிவிட்டதா, எந்தெந்தக் காட்சிகளுக்கு, எந்தெந்தப் பாடல்களுக்கு உரிமை வாங்குவது பாக்கி இருக்கிறது, எந்த மாத விழாவின் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் இதற்கான பதில் எந்த நேரமும் ஒரு அட்டவணையில் இருக்கும். என் மேசையின் எதிர்ச்சுவரில் அது ஒட்டியே இருந்தது, அந்தப் பாடலின் பெயருக்கு நேரே பதினோரு மாதம் ஒரு கேள்விக்குறியோடு.