உள்ளே இருக்கும் மகனுக்குச் செபம் வரவில்லை

கேள்வி: என் மகன் 14 மாதமாக விசாரணைக் கைதியாக ஜெயிலில் இருக்கிறான். சின்ன வயசிலிருந்து பூசைக்கு உதவி செய்தவன். போன வாரம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது, “அம்மா, செபம் சொல்ல ஆரம்பிச்சா பாதியிலயே நின்னுடுது, எனக்கு விசுவாசம் போயிடுச்சும்மா” என்று அழுதான். அவன் வெளியே வர புனித தேவசகாயத்துக்கு நவநாள் (ஒன்பது நாள் செபம்) செய்துகொண்டிருக்கிறேன். அவனுக்கே விசுவாசம் இல்லை என்றால் என் வேண்டுதலும் வீணாகிவிடுமா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அம்மா, விசுவாசம் நிஜமாகவே போயிருந்தால் அதைச் சொல்லி அவன் ஏன் உங்களிடம் அழப்போகிறான்? செபம் பாதியில் நின்றுபோவது அசதி. 14 மாதம் தீர்ப்பே தெரியாமல் அடைபட்டுக் கிடக்கும் ஒரு பையனுக்கு அந்த அசதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு ஆயரைப் பற்றிச் சொல்கிறேன், அடுத்த மனுவில் மகனிடமும் சொல்லுங்கள். வியட்நாமில் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் என்று ஒருவர். 1975 ஏப்ரலில் சைகோன் உயர்மறைமாவட்டத்துக்கு இணைப் பேராயராக நியமித்தார்கள். ஒரு வாரத்துக்குள் சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது, ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்றே அவரைக் கைது செய்துவிட்டார்கள். விசாரணையும் இல்லை, தண்டனை இத்தனை வருஷம் என்ற கணக்கும் இல்லை. மொத்தம் 13 வருடம் உள்ளே இருந்தார், அதில் 9 வருடம் தனிமைச் சிறை.

அவரும் முதலில் உடைந்துதான் போனார். தன் மக்களுக்கு ஆயர் இல்லையே, தொடங்கின வேலையெல்லாம் பாதியில் நிற்கிறதே என்று ராத்திரி தூக்கம் வராமல் தவித்திருக்கிறார். அப்படி ஒரு ராத்திரிதான், ‘நீ தேடுவது கடவுளையா, கடவுளுடைய வேலைகளையா?’ என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி கேட்டதாகச் சொன்னார். வேலைகள் கையைவிட்டுப் போய்விட்டன, கடவுள் போகவில்லை என்று அவருக்கு விளங்கியது அப்போதுதான். அதற்காக அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிடவில்லை அம்மா. உடம்பு முடியாமல் செபம் சொல்ல வராத காலங்களும் இருந்தன என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். ஒரு பேராயர் சொன்னது இது!

வீட்டுக்கு ஒரு சீட்டு எழுத விட்டபோது, ‘வயிற்று வலிக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சை இரசம் அனுப்புங்கள்’ என்று எழுதினார். வீட்டில் புரிந்துகொண்டார்கள். ‘வயிற்று மருந்து’ என்று ஒட்டிய சின்ன பாட்டிலும், டார்ச் லைட்டுக்குள் ஒளித்த அப்பமும் வந்தன. தினமும் உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான், அதில் திருப்பலி நிறைவேற்றினார். கையே பீடம், கையே கிண்ணம். முகாமில் மற்ற கைதிகளோடு இருந்த காலத்தில், விளக்கணைத்த பிறகு படுக்கையில் குனிந்தபடி மனப்பாடமாகப் பூசை சொல்லி, கொசுவலைக்கு அடியில் பக்கத்துக் கைதிகளுக்கு நற்கருணை நீட்டுவாராம். சிகரெட் பெட்டிக் காகிதத்தில் சின்னச் சின்னப் பையாகச் செய்து நற்கருணையை அதில் வைத்துக்கொண்டார்கள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

காவலர்களும் மாறினார்கள். ஒருவரிடம் கேட்டு ஒரு துண்டு மரம் வெட்டி, சிலுவை செய்து சோப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார், அப்புறம் இன்னொரு இடத்தில் ஒரு காவலரே மின்சாரக் கம்பியும் குறடும் கொண்டுவந்து கொடுத்து, அந்தச் சிலுவைக்குச் சங்கிலி செய்யக் கூடவே உட்கார்ந்தார். 1988 நவம்பரில் வெளியே வந்தவர் பின்னாளில் கர்தினால் ஆன பிறகும் அந்தச் சிலுவையைத்தான் கழுத்தில் போட்டிருந்தார்.

சரி, உங்கள் நவநாளுக்கு வருகிறேன். நேர்ந்ததைச் செய்து முடியுங்கள், நிறுத்த வேண்டாம். ஆனால் மகனுடைய விசுவாசத்தை ஜாமீன் தொகை மாதிரி நினைக்காதீர்கள். புனித தேவசகாயத்துக்கே விடுதலை கிடைக்கவில்லையே! 1749-ல் பிடித்துக் கொண்டுபோனார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள், 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு முதலில் இயேசுவைப் பற்றிச் சொன்ன டிலனாய் யார் தெரியுமா? குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கைதி. மாடும் பயிரும் போய் நொந்து கிடந்த நீலகண்ட பிள்ளைக்கு (அதுதான் தேவசகாயத்தின் பழைய பெயர்) டிலனாய் சொன்னது பைபிளில் வரும் யோபுவின் கதை. யோபு கடவுளிடம் எத்தனை சண்டை போட்டார் என்று மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முழு செபமாலை சொல்லச் சொல்லி அவனை நெருக்காதீர்கள். காலையில் ‘இயேசுவே’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். அதுவும் வராத நாளில் ‘அம்மா எனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்’ என்று நினைத்துக்கொள்ளட்டும். அப்புறம், பங்குத் தந்தையிடம் பேசி, சிறைப்பணி செய்யும் குருவோ அருள்சகோதரியோ அவனைப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வக்கீலையும் விடாமல் பாருங்கள், செபமும் ஜாமீன் மனுவும் ஒன்றுக்கொன்று பகை கிடையாது.

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) ஒருவர் திருட்டு வழக்கில் உள்ளே போய்விட்டார். அவர் வீட்டில் அன்பியக் கூட்டம் நடத்த வேண்டாம், பேர் கெட்டுவிடும் என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சரியில்லை. ‘சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்’ என்ற இயேசு, என்ன வழக்கு என்று அதில் சேர்த்துச் சொல்லவில்லை. அந்த வீட்டம்மா இப்போது தண்ணீர் பிடிக்கக்கூடத் தலை குனிந்துதான் போவார். அடுத்த கூட்டத்தை அந்த வீட்டிலேயே வையுங்கள், டீ, பிஸ்கட் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.