மார்பகக் கட்டி தோல் வகைக் கட்டியாக இருக்கலாம் என்று பயாப்சியில் வந்தால், கீமோவைத் தொடங்கலாமா?

அரிய வகை மார்பகப் புற்றுநோயான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவா, வியர்வைச் சுரப்பி வகைக் கட்டியான சிலிண்ட்ரோமாவா என்று பிரித்தறிய வேண்டும், டிரிபிள் நெகட்டிவ் என்று தாயாரின் ஊசி பயாப்சி ரிப்போர்ட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் நோய்க்குறியியல் மருத்துவராகப் பணிபுரிபவள் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டியின் வகை உறுதியாகும் வரை கீமோ முடிவைத் தள்ளிவைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பால் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் கருவின் வெளி அடுக்கான ஒரே புறப்படையிலிருந்து உருவாகின்றன என்பதால், தோலில் வரும் சில கட்டிகள் மார்பகத்திலும் அரிதாகத் தோன்றுகின்றன. ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும், ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருப்பதும் ஆகிய மூன்றும் இல்லாததையே டிரிபிள் நெகட்டிவ் என்கிறோம். அப்படிப்பட்ட புற்றுநோய்களில் பெரும்பாலானவை வேகமாகப் பரவுபவைதான். ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக வரும் அடினாய்டு சிஸ்டிக் வகை அக்குள் நெறிகளுக்குப் பரவுவது அரிது. பலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டால் கதிர்வீச்சும் போதுமானவை. இதிலும் சாலிட் பேசலாய்டு என்ற துணைவகை சற்று முரடானது என்பதால், அது ரிப்போர்ட்டில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். சிலிண்ட்ரோமாவோ புற்றுநோயே அல்ல.

சிக்கல் என்னவென்றால், ஊசியில் வரும் நூல் போன்ற துணுக்கில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சிலிண்ட்ரோமாவில் செல் கூட்டங்கள் இளஞ்சிவப்பான தடித்த சவ்வு சூழ, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தி நிற்கும். கட்டியின் விளிம்பும் தெளிவாக இருக்கும். அடினாய்டு சிஸ்டிக் வகையோ சுற்றியுள்ள கொழுப்புக்குள் ஊடுருவிச் செல்லும். அந்த விளிம்பைத்தான் ஊசி பயாப்சி காட்டாது. ஆகவே கட்டி முழுவதையும் எடுத்துப் பார்த்த பிறகே பல நேரங்களில் உறுதியாகச் சொல்ல முடிகிறது. செல்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் பி63, சிடி117 போன்ற இம்யூனோ சாயங்கள் உதவும் என்றாலும், தனித்து முடிவு சொல்லா. கட்டியின் செல்களில் எம்ஒய்பி, என்எஃப்ஐபி என்ற இரு மரபணுக்கள் ஒன்றாக இணைந்திருந்தால், அது அடினாய்டு சிஸ்டிக் வகைக்கு வலுவான ஆதாரம்.

தாயாரின் உச்சந்தலையையும் முகத்தையும் தடவிப் பாருங்கள். சிறு முண்டுகள் பல இருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்தாலோ, சிலிண்ட்ரோமாக்களை உண்டாக்கும் சிஒய்எல்டி என்ற மரபணுவில் கோளாறு இருக்கக்கூடும். கேட்டால்தான் தெரியவரும் இந்த விவரம் பயாப்சியோடு எங்கள் ஆய்வகத்துக்கு வரும் விண்ணப்பத் தாளில் எழுதப்படுவதே இல்லை என்பது என் மனக்குறை. கட்டி தோலை ஒட்டியதா, காம்புக்கு அடியிலா, ஆழத்திலா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்துக்கு ஸ்லைடுகளை மட்டும் கொண்டுபோனால் போதாது. திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள், புதிய சாயம் போட அவையே வேண்டும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மஞ்சள் பையில் பிளாக்கைக் கொண்டுவருபவர்கள் உண்டு. அதில் தவறில்லை, சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். மாமோகிராம் படங்களையும் முதல் ரிப்போர்ட்டின் நகலையும் உடன் வையுங்கள்.