மன்னிப்பா, தண்டனையா? மறுசீரமைப்பு நீதி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மறுசீரமைப்பு நீதி என்றால் குற்றவாளியைப் பேசி அனுப்பிவிடுவதுதானே?

இல்லை. ‘எந்தச் சட்டத்தை மீறினார், அதற்கு என்ன தகும்’ என்று கேட்பது தண்டனை நீதி. ‘யாருக்கு என்ன இழப்பு, அதை யார் சரிசெய்ய வேண்டும்’ என்று கேட்பது மறுசீரமைப்பு நீதி. ஒரே வழக்கில் இரண்டும் வரலாம். பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்தவரும் நேரில் பேசும் சந்திப்புதான் இதன் முக்கிய வழி; சிறையில் இருப்பவருடனும் அது நடக்கிறது. 1974இல் கனடாவின் எல்மைராவில் 22 இடங்களைச் சேதப்படுத்திய இரு இளைஞர்களை, பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்துவர நீதிபதி அனுப்பினார். பிறகு இழப்பீடும் கட்டச் சொன்னார்.

கேள்வி: சந்திப்பை எப்படி நடத்துவார்கள்?

பெரும்பகுதி வேலை சந்திப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சந்திப்பை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் இரு தரப்பையும் தனித்தனியே பார்ப்பார். நடந்ததன் அடிப்படையைக் குற்றம் செய்தவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். ‘நான் செய்யவே இல்லை’ என்பவரின் வழக்கு நீதிமன்றத்துக்கே உரியது. இருவரும் தாமாக வர வேண்டும், நடுவில் விலகவும் உரிமை உண்டு. யார் துணைக்கு வருவார், யார் முதலில் பேசுவார் என்பதுகூட முன்கூட்டியே முடிவாகிவிடும்.

சந்திப்பில் பேச்சு இந்த வரிசையில் போகும்: என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், யார் எப்படிப் பாதிக்கப்பட்டார், இனி என்ன செய்ய வேண்டும். உடன்பாட்டை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ‘முடிந்தபோது தருகிறேன்’ என்று எழுதினால் அது நிறைவேறாது. தொகை, தவணைத் தேதி, கண்காணிப்பவர் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: தண்டனை குறையும் என்று நடித்தால்?

நடிப்பார்கள். அதனால் ஒருங்கிணைப்பாளர் தண்டனைக் குறைப்பு பற்றி எந்த வாக்கும் தரக்கூடாது. மன்னிப்பு எவ்வளவு உருக்கமாக இருந்தது என்பதை வைத்து மதிப்பிட முடியாது, உடன்பாடு நிறைவேறியதா என்று பாருங்கள். உடன்பாடு எட்டவில்லை என்பதைக் காட்டித் தண்டனையைக் கூட்டவும் கூடாது, மறுசீரமைப்பு நீதிக்கான ஐ.நா.வின் 2002ஆம் ஆண்டு அடிப்படைக் கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

கேள்வி: பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. மன்னிக்கச் சொல்லி வற்புறுத்துவது அவருக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை.

கேள்வி: அப்படியானால் தண்டனை நீதி தேவையில்லையா?

தேவை. குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை கூடாது என்ற அளவுகோலை அதுதான் வலுவாகப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த அளவுகோல் இல்லாவிட்டால், ஒரே குற்றத்துக்கு ஒருவர் மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதுவார், இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டுவார்.

கேள்வி: குடும்ப வன்முறையில் இதைச் செய்யலாமா?

மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அடியும் மன்னிப்பும் மாறிமாறி வரும் உறவில், இன்னொரு மன்னிப்பு அதே சுழற்சியில் சேர்ந்துகொள்ளும். பயம் இருக்கும்வரை ‘சம்மதம்’ என்ற சொல்லை நம்ப முடியாது. முதலில் பாதுகாப்பு, பிறகு பாதிக்கப்பட்டவரே கேட்டால், நேரில் சந்திக்காமல் கடிதம் வழியாகவோ இடையாள் வழியாகவோ தொடங்கலாம்.